அனுபவம் கேட்கும் அந்த ஒரு வரியை எடுத்துவிடுங்கள்

இன்டர்ன்ஷிப்புக்கு மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும் எச்.ஆர். பிரிவினருக்கும் குழுத் தலைவர்களுக்கும்,

வணக்கம். நான் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். மாணவர்களின் இன்டர்ன்ஷிப் விண்ணப்பங்களைப் பார்த்துத் திருத்தி அனுப்புவதும் என் வேலை. ஒவ்வொரு பருவமும் உங்கள் அறிவிப்புகளை அவர்களோடு உட்கார்ந்து படிக்கிறேன். பல அறிவிப்புகளில் ஒரு வரி தவறாமல் வருகிறது: ஆறு மாதமோ ஒரு வருடமோ முன்னனுபவம் வேண்டும். அந்த வரியைப் பற்றித்தான் இந்த மடல்.

இன்டர்ன்ஷிப்பே முதல் அனுபவத்துக்காகத்தான். அதில் சேரவும் அனுபவம் வேண்டுமென்றால் இந்தப் பிள்ளைகள் அதை எங்கே போய் வாங்கி வருவார்கள்?

போன வருடம் ஒரு மாணவி தன் ரெஸ்யூமேயைக் கொண்டு வந்தாள். அனுபவம் என்ற இடத்தில் "இல்லை" என்று எழுதியிருந்தாள். துறைக் கருத்தரங்குக்குப் பதிவு வேலை முழுவதையும் பார்த்தவள் அவள். 300 பேருக்கு மேல் பெயர் கொடுத்திருந்தார்கள். பாதிப் பேர் ஆன்லைனில், மீதிப் பேர் காகிதத்தில். ஒரே ஆளின் பெயர் இரண்டு பட்டியலிலும் இரண்டு விதமான எழுத்துகளில் இருந்தது. பெயரை வைத்துத் தேடினால் சரிவராது என்று புரிந்துகொண்டு, தொலைபேசி எண்ணை வைத்து எக்செலில் இரண்டையும் ஒப்பிட்டாள். இரண்டு முறை பணம் கட்டியவர்களைக் கண்டுபிடித்துத் திருப்பிக் கொடுக்க வைத்தாள். "இதையெல்லாம் ஏன் எழுதவில்லை?" என்று கேட்டேன். "அது காலேஜ் விஷயம்தானே மேடம், வேலை இல்லையே" என்றாள்.

தரவைச் சுத்தம் செய்ய, அதாவது பட்டியல்களில் உள்ள தவறுகளைக் கண்டுபிடித்துத் திருத்த, ஆள் வேண்டும் என்று கேட்டிருந்த ஒரு நிறுவனத்துக்கு அவள் அதற்கு முன்பே விண்ணப்பித்திருந்தாள். படிவத்தில் முன்னனுபவம் உண்டா என்ற கேள்விக்கு "இல்லை" என்று அழுத்தியிருக்கிறாள். சில நிமிடங்களில் நிராகரிப்பு மின்னஞ்சல் வந்துவிட்டது. அவள் எழுதியதை யாரும் படித்திருக்க முடியாது. ஆட்தேர்வு மென்பொருள்களில் அப்படி ஒரு வசதி உண்டு என்பது உங்களுக்கே தெரியும்: ஒரு கேள்விக்குக் குறிப்பிட்ட பதில் வந்தால் விண்ணப்பம் தானாகவே ஒதுங்கிவிடும். அந்த வடிகட்டியை வைப்பதும் எடுப்பதும் உங்கள் கையில்தான் இருக்கிறது.

சரி, அனுபவம் உள்ளவர்கள் நன்றாக வேலை செய்வார்கள் என்ற நம்பிக்கையாவது உறுதியானதா? 1998இல் பிராங்க் ஷ்மிட், ஜான் ஹண்டர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 85 ஆண்டுகால ஆட்தேர்வு ஆய்வுகளைத் தொகுத்தார்கள். தேர்வின்போது பார்க்கும் ஒரு விஷயம் பின்னால் வேலைத் திறனோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதற்கு ஓர் எண் கொடுத்தார்கள். 0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு. வேலையின் ஒரு பகுதியைச் செய்யச் சொல்லிப் பார்ப்பதற்கு 0.54, எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒரே அளவுகோலில் மதிப்பிடும் நேர்காணலுக்கு 0.51, எத்தனை வருட அனுபவம் என்பதற்கு 0.18. பிறகு 2022இல் பால் சாகெட் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் அந்தக் கணக்கைத் திருத்தினார்கள். எண்கள் பொதுவாகவே இறங்கின. செய்து காட்டும் தேர்வு 0.33, ஒழுங்குபடுத்திய நேர்காணல் 0.42. அனுபவ வருடங்களோ 0.07. இவை வேலையில் இருப்பவர்களைப் பற்றிய ஆய்வுகள், இன்டர்ன்களுக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனாலும் வேலை பழகியவர்களிடமே இவ்வளவு குறைவாகச் சொல்லும் ஒரு விஷயத்தை, இருபது வயதுப் பிள்ளையை வாசலிலேயே நிறுத்துவதற்குப் பயன்படுத்துவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

அதற்குப் பதிலாக ஒரு மணி நேரத்தில் முடிகிற சின்ன வேலை ஒன்றைக் கொடுங்கள். எல்லோருக்கும் ஒரே வேலை. நீங்கள் ஏற்கெனவே முடித்துவிட்ட ஒன்றாக இருக்கட்டும், விண்ணப்பதாரரிடம் இலவசமாக வேலை வாங்கியதாக ஆகிவிடக் கூடாது. நேர்காணலில் "எங்கே வேலை பார்த்தீர்கள்?" என்பதற்குப் பதில் "ஒரு தப்பைக் கண்டுபிடித்துச் சரிசெய்ததைச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். அப்படிக் கேட்டிருந்தால் என் மாணவி பத்து நிமிடம் பேசியிருப்பாள்.

உங்கள் பக்கத்துச் சிரமமும் எனக்குத் தெரியும். இன்டர்னுக்குச் சொல்லிக்கொடுப்பவர் தன் வேலையை நிறுத்திவிட்டுத்தான் சொல்லிக்கொடுக்கிறார். அதனாலேயே ஏற்கெனவே தெரிந்தவர் வந்தால் நல்லது என்று தோன்றுகிறது. நேரம் இல்லையென்றால் ஐந்து பேருக்குப் பதில் இரண்டு பேரை எடுங்கள், அந்த இரண்டு பேருக்கு ஒழுங்காகச் சொல்லிக்கொடுங்கள். கல்லூரிப் படிப்போடு வேலைப் பயிற்சியைச் சேர்க்கும் முறையை 1906இல் அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் என்ற பேராசிரியர் தொடங்கியபோது வந்தவர்கள் 27 பொறியியல் மாணவர்கள். வகுப்பும் தொழிற்சாலையும் மாறி மாறி என்பதுதான் ஏற்பாடு. வேலையைத் தொழிற்சாலையில்தான் கற்க முடியும் என்று நினைத்து அனுப்பினார்களே தவிர, கற்றுவிட்டு வரச் சொல்லவில்லை.

அப்புறம், சம்பளம். மூன்று மாதம் பணமில்லாமல் வேலை செய்ய எல்லா வீட்டுப் பிள்ளைகளாலும் முடியாது. முடிந்தவர்கள் முதல் இன்டர்ன்ஷிப்பை இலவசமாகச் செய்து அந்த "முன்னனுபவத்தை" வாங்கிக்கொள்கிறார்கள். அதனால் உங்கள் வரி திறமையைவிட வீட்டு வசதியைத்தான் அதிகமாக வடிகட்டுகிறது. சிறிய தொகையானாலும் கொடுங்கள்.

விண்ணப்பித்த ஒருவர் வேண்டாம் என்று முடிவு செய்தால் அதையும் ஒரு வரியில் எழுதி அனுப்புங்கள். பதிலே வராமல் வாரக்கணக்கில் மின்னஞ்சலைத் திறந்து திறந்து பார்க்கும் பிள்ளைகள் என் வகுப்பில் இருக்கிறார்கள்.

அந்த மாணவியின் ரெஸ்யூமேயை அன்றைக்கே சேர்ந்து உட்கார்ந்து திருத்தி எழுதினோம். கருத்தரங்கு வேலை மேலே வந்தது, 300 என்ற எண்ணோடு. அனுபவம் என்ன என்று கேட்காமல் ஒரு குழப்பமான பட்டியலைக் கையில் கொடுத்துச் சரிசெய்யச் சொன்ன ஓர் அலுவலகத்தில் அவளுக்கு இடம் கிடைத்தது. அடுத்த பருவத்துக்கான உங்கள் அறிவிப்புகள் வரும்போது, முதலில் அந்த வரி இருக்கிறதா என்றுதான் தேடிப் பார்ப்பேன்.

அன்புடன்,
மாணவர்களை உங்களிடம் அனுப்பும் ஓர் ஆசிரியை