வில்லன் திருந்தினால் மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழில் வெளிவந்த மிகுபுனைவு (ஃபேன்டஸி) பற்றிய கட்டுரை, திருந்திய வில்லனையே இன்றைய வாசகர்கள் விரும்புகிறார்கள் என்றும், வீழ்ந்த நாயகனின் காலம் முடிந்துவிட்டது என்றும் கூறியிருந்தது. முதற்கூற்று உண்மைதான், இரண்டாவதை என்னால் ஏற்க இயலவில்லை.

நாயகனின் வீழ்ச்சியை எழுதுவது கடினம். அவனுடைய நற்குணமே அவனைச் சாய்க்க வேண்டும், அதுவும் வாசகரின் கண்முன்னே படிப்படியாக நிகழ வேண்டும். டோல்கீனின் 'த லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' நாவலில் போரோமிர் என்னும் வீரன் பேராற்றல் கொண்ட மோதிரத்தை விரும்புவது தன் நகரைக் காப்பதற்காக. அந்தப் பற்றே அவனை, மோதிரத்தைச் சுமந்து செல்லும் ஃப்ரோடோவிடமிருந்து அதைப் பறிக்கத் துணியச் செய்கிறது. பின்னர் ஹாபிட் என்னும் குள்ள இனத்தார் இருவரைக் காக்கப் போரிட்டு, அம்புகள் தைத்துக் கிடக்கும்போது, தான் செய்ததை தோழன் அரகார்னிடம் ஒளிக்காமல் சொல்லிவிட்டே உயிர் விடுகிறான். 2019இல் நிறைவுற்ற 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரில், அடிமைகளை விடுவித்த அரசி டெனேரிஸ் கொடுங்கோலியாகும் வீழ்ச்சி பலருக்கு ஒட்டாமல் போனதென்றால், 6 பகுதிகளே கொண்ட கடைசிப் பருவத்தின் அவசரமே அதற்குக் காரணம் என்பேன்.

வில்லன் திருந்தும் கதைகளிலோ, துயரமான இளமைக்காலம் ஒன்றைக் காட்டிய உடனேயே அவனால் அழிந்தவர்கள் மறக்கப்படுகிறார்கள். 'ஸ்டார் வார்ஸ்' படங்களின் வில்லன் டார்த் வேடர் இறுதியில் மகனைக் காப்பாற்றுவது இன்றும் என்னை நெகிழ வைக்கிறது. ஆயினும் அவனுடைய சிதை எரியும் வேளையில், அவன் கையால் மாண்டவர்களை ஒருவரும் நினைவுகூர்வதில்லை.

இங்கே தில்லியில், ஆர்.கே. புரம் மலை மந்திர் முருகன் கோயிலுக்குச் செல்லும் நம் பிள்ளைகள் அறிந்த சூரபதுமனின் கதை அப்படிப்பட்டதன்று. வேல் பிளந்த பிறகே அவன் மயிலும் சேவலும் ஆகிறான், ஆண்டவனைச் சுமப்பவனாகிறான், அவன் சிறைவைத்த தேவர்களும் விடுதலை பெறுகிறார்கள்.

சிலப்பதிகாரம் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. ஆராயாமல் ஆணையிட்டு வீழ்ந்த பாண்டியன் நெடுஞ்செழியனை மீட்பது அவனுடைய பழம்பெருமை அன்று. கண்ணகி அவன் அவையிலேயே நின்று வழக்குரைக்கிறாள். அவன் இடைமறிக்காமல் கேட்கிறான். "யானோ அரசன் யானே கள்வன்" என்று தனக்குத் தானே தீர்ப்பளித்து மடிகிறான். இழைக்கப்பட்ட அநீதியைப் பாதிக்கப்பட்டவரே பேசுவதற்கு ஓர் அவை வேண்டும் என்பதை இன்றைய மிகுபுனைவு எழுத்தாளர்கள் இங்கிருந்து கற்றுக்கொள்ளலாம்.

கட்டுரையாளர் இப்பொருளைத் தொடர்ந்து எழுதுவதாயின், சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையையும் கணக்கில் கொள்ள வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஆர்.கே. புரம், புது தில்லி