நிறம் பார்த்துக் கொடுக்கப்படும் தேவதூதர் வேடம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

இரண்டு வருடங்களுக்கு முன்னர், நத்தார் ஆராதனையில் சிறுவர்கள் நடிக்கும் இயேசு பிறப்பு நாடகத்துக்கு வேடங்களைப் பங்கிட்டுக்கொண்டிருந்தபோது, எங்கள் தோட்டத்து ஆலயத்தின் ஞாயிறு பாடசாலையில் படிக்கும் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி என்னிடம் வந்து, "நான் கறுப்புத்தானே டீச்சர், மேய்ப்பனாவே நிக்கிறேன்" என்றாள். அவள் அழவில்லை, முறையிடவுமில்லை. உலகத்து ஒழுங்கே அதுதான் என்பது போலச் சொன்னாள். வெள்ளைச் சட்டையும் காகிதச் சிறகும் சிவந்த பிள்ளைகளுக்கு, கம்பளியும் தடியும் கறுத்த பிள்ளைகளுக்கு என்று பல வருடங்களாகப் பங்கிட்டுக் கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி. அதை நான் யோசித்துச் செய்யவில்லை என்பது உண்மைதான்; ஆனால் அந்தக் குழந்தை ஒவ்வொரு வருடமும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"மனுஷன் முகத்தைப் பார்ப்பான், கர்த்தரோ இருதயத்தைப் பார்க்கிறார்" என்ற வசனத்தை எங்கள் பிள்ளைகள் எல்லோரும் மனப்பாடமாக ஒப்புவிப்பார்கள். ஈசாயின் மூத்த குமாரர் எழுவரும் சாமுவேல் தீர்க்கதரிசியின் முன் நிறுத்தப்பட்டுக் கடந்துபோக, ஆடு மேய்க்கப் போயிருந்த இளையவனாகிய தாவீது இராஜாவாக அழைக்கப்பட்ட வரலாற்றையும் அவர்கள் அறிவார்கள். ஆனால் அதே தாவீது தகப்பனான பின் அவன் வீட்டில் நடந்ததைப் பெற்றோராகிய நாம் அதிகம் வாசிப்பதில்லை. அவன் மகன் அப்சலோமுக்கு உள்ளங்கால் முதல் உச்சந்தலை வரை ஒரு பழுதும் இல்லை என்றும், அவன் சிரைத்த தலைமயிரின் நிறை அக்கால எடைக் கணக்கில் 200 சேக்கல் என்றும் வேதம் கூறுகிறது. அவனுக்குப் பின் பிறந்த அதோனியாவைப் பற்றி 1 இராஜாக்கள் முதலாம் அதிகாரம் ஒரே வசனத்தில் இரண்டு செய்திகளைச் சொல்கிறது: நீ ஏன் இப்படிச் செய்தாய் என்று தகப்பன் அவனை ஒருநாளும் கடிந்துகொள்ளவில்லை, அவன் மிகவும் அழகுள்ளவனாயிருந்தான். தகப்பன் உயிரோடிருக்கும்போதே இருவரும் அரியணைக்கு ஆசைப்பட்டார்கள். இருவரும் கொலையுண்டே மாண்டார்கள். இருதயத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளப்பட்டவனே தன் பிள்ளைகளை முகத்தைப் பார்த்து வளர்த்துவிட்டான் என்றே எனக்குத் தோன்றுகிறது.

நம்முடைய வீடுகளிலும் பிள்ளை பிறந்த அன்றே இது தொடங்கிவிடுகிறது. தாயும் சேயும் நலமா என்று கேட்கும் முன்னரே நிறத்தைக் கேட்கிறோம். சிசுவின் காது மடலைத் திருப்பிப் பார்த்து, வளர்ந்தபின் என்ன நிறமாக இருக்கும் என்று கணிக்கிறோம். 'கறுப்பி' என்பதைச் செல்லப் பெயராகவே வைத்துவிடுகிறோம். பிள்ளை பத்து வயதைத் தாண்டியதும், லேபல் கூடச் சரியாக இல்லாத வெண்மையாக்கும் கிறீம் டப்பா நகரத்துக் கடையிலிருந்து வீட்டுக்கு வந்து சேருகிறது. இவ்வகைக் கிறீம்கள் சிலவற்றில் கலக்கப்படும் பாதரசம் தோலின் நிறமியைத் தடுப்பதோடு நில்லாமல், உடலுக்குள் சென்று சிறுநீரகத்தையும் பழுதாக்கக்கூடியது. மில்லியனில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் உள்ள அழகுசாதனப் பொருட்களை 2020ஆம் ஆண்டோடு நிறுத்த வேண்டுமென்று விதித்த, பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச மினமாட்டா உடன்படிக்கையில் இலங்கையும் இணைந்திருக்கிறது. அப்படியிருந்தும், ஞாயிறு காலையில் ஜெபித்துவிட்டு அதைப் பிள்ளையின் கன்னத்தில் பூசுகிற தாய்மாரை நான் அறிவேன். பிள்ளைமேல் அன்பில்லாமல் அவர்கள் அதைச் செய்யவில்லை. தாங்கள் பட்ட அவமானம் பிள்ளைக்கும் வரக்கூடாது என்றுதான் செய்கிறார்கள்.

இதைவிட என்னை வேதனைப்படுத்துவது, பிள்ளைகள் தம் தாயையே பார்த்து வெட்கப்படுவதாகும். இடுப்பில் படங்கு கட்டி, வெயிலிலும் மழையிலும் கொழுந்து பறித்து, தேயிலைச் சாயம் ஏறிய விரல்களோடு வரும் அம்மாவைப் பாடசாலைக் கூட்டத்துக்கு வர வேண்டாமென்று சொல்லும் பிள்ளைகள் இருக்கிறார்கள். உன்னதப்பாட்டின் முதலாம் அதிகாரத்தில் ஒரு பெண், வெயில் பட்டதனால் நான் கறுத்திருக்கிறேன் என்று என்னைப் பார்க்காதீர்கள், என்னைத் திராட்சத்தோட்டங்களுக்குக் காவற்காரியாக வைத்தார்கள் என்கிறாள். மலையகத்துத் தாய்மாரின் குரலாகவே அது எனக்குக் கேட்கிறது. அந்தப் பகுதியை நம் ஞாயிறு வகுப்புகளில் ஒருமுறையேனும் எடுத்து வாசித்து, உங்கள் அம்மாவின் கையைப் பாருங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும்.

குளித்துத் தலைவாரி, துவைத்த உடுப்போடு ஆலயத்துக்கு வருவதை நான் குறைகூறவில்லை. தாவீதும் அழகிய கண்களுடையவன் என்றே வேதம் சொல்கிறது. எதை முதலில் புகழ்கிறோம் என்பதே என் கேள்வி. பண்டிகை முற்பணத்தை முழுவதும் செலவழித்து வாங்கிய கவுனுக்கு ஆலய வாசலில் பத்துப் பேர் பாராட்டுச் சொல்கிறோம். மூடுபனியில் வழுக்கும் படிகளில் தன் அப்பாயியின் கையைப் பிடித்து மெல்ல மெல்ல இறக்கிக்கொண்டு வருகிற பையனிடம் ஒருவரும் ஒரு சொல் சொல்வதில்லை. வீட்டிலும் அப்படியே. உண்மையைச் சொல்லி அடி வாங்கிய பிள்ளையையும், தன் ரொட்டியில் பாதியைப் பக்கத்து வீட்டுத் தம்பிக்குக் கொடுத்த பிள்ளையையும் பெயர் சொல்லிப் புகழ்ந்தால் போதும். எதற்கு மதிப்பு இருக்கிறதென்று பிள்ளைகள் விரைவில் கண்டுகொள்வார்கள்.

சென்ற நத்தாருக்குச் சீட்டுப் போட்டு வேடங்களைக் கொடுத்தோம். அந்தச் சிறுமிக்கு மறுபடியும் மேய்ப்பன் வேடமே விழுந்தது. ஆனால் இம்முறை அது நிறத்தினால் வந்ததல்ல என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. நற்செய்தியை முதலில் கேட்டவர்கள் மேய்ப்பர்கள்தான் என்று தன் வசனத்தை உரத்த குரலில் சொன்னாள். ஆராதனை முடிந்ததும் வேறொரு தாய் வந்து, இவ்வளவு சிவந்த பிள்ளையை ஆட்டுக்குட்டியாக்கிவிட்டீர்களே என்று என்னிடம் மனம் நொந்து கேட்டார். அவருக்குப் பக்கத்தில் அந்தப் பிள்ளையும் நின்று கேட்டுக்கொண்டிருந்தது.

ஆகவே, போதகர்களும் மறைக்கல்வி ஆசிரியர்களும் இதைப் பிள்ளைகளிடம் மட்டுமல்லாமல் பெற்றோரிடமும் பேச வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன். தங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையின் மணமக்கள் பகுதியில் 'கிறிஸ்தவ, சிவந்த நிறமுடைய மணமகள் தேவை' என்று வரும் விளம்பரங்களிலிருந்து நிறத்தைக் குறிக்கும் சொற்களை நீக்கி வெளியிடத் தாங்கள் முன்வர வேண்டும். எங்கள் வீடுகளில் அந்தப் பக்கத்தைப் பத்து வயதுப் பிள்ளைகளும் எழுத்துக்கூட்டி வாசிக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஞாயிறு பாடசாலை ஆசிரியை ஒருவர்,
பொகவந்தலாவை.