பிளாக் அடுக்குவதும் நிரலாக்கம்தான்

ஆசிரியருக்கு வணக்கம்.

கட்டளைகளைத் தட்டச்சு செய்யாமல், அவை எழுதிய வண்ண பிளாக்குகளைத் திரையில் அடுக்கியே போன் செயலி செய்ய உதவும் ஆப் இன்வென்டர் மாதிரியான கருவிகளை விளையாட்டுச் சாமான் என்று ஒதுக்குபவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. 2010-இல் கூகுள் அறிமுகப்படுத்தி, பிறகு அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் ஏற்று நடத்திவரும் கருவி அது.

என் மகள் அதில் முதலில் செய்தது ஓர் எண்ணி. பட்டனைத் தட்டினால் ஒன்று கூட வேண்டும், அவ்வளவுதான். ‘பட்டனை அழுத்தும்போது’ என்ற மஞ்சள் பிளாக்குக்குள் பச்சை பிளாக்கைப் பொருத்தியதும் பக்கத்திலிருந்த போனில் அது உடனே ஓடியது. அப்புறம் செயலியை மூடித் திறந்தால், எண் மறுபடியும் பூஜ்யம்! மாறியில், அதாவது செயலி ஓடும்போது மதிப்பை வைத்திருக்கும் இடத்தில், வைத்தது செயலியோடு போய்விடும், டைனிடிபி என்ற சேமிப்புப் பகுதியில் சேமித்தால்தான் போனில் தங்கும் என்பதை ஒரு மாலை முழுக்க மல்லுக்கட்டி அவளே கண்டுபிடித்தாள். எந்த நிரல் மொழிக்குப் போனாலும் இது தெரிந்தே ஆக வேண்டும்.

தட்டச்சு செய்யும் நிரலில் வருவதுபோல அரைப்புள்ளி விட்டுப்போன பிழை இங்கே வராது. யோசனையில் உள்ள பிழை மட்டுமே மிஞ்சும். தேட வேண்டியதும் அதைத்தானே?

செயலி பெரிதானால் பிளாக்குகள் திரையை அடைத்துக்கொள்ளும், உண்மைதான். சரி, அப்போது கோட்லின் மாதிரி எழுதும் நிரல் மொழிக்குப் போகட்டும். முதல் நாளே அதை நீட்டிப் பிள்ளைகளை மிரட்டாதீர்கள்.

– ஒரு வாசகி