மீ கடைக்காரரைப் பற்றி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நலம். நீ, மாப்பிள்ளை, குட்டி எல்லாரும் நலமா? மெல்பர்னில் குளிர் தொடங்கியிருக்கும். குட்டிக்குக் காதை மூடும் குல்லா போடு, உனக்கும் ஒன்று வாங்கிக்கொள். போனில் "சரிப்பா, அப்புறம் பேசறேன்ப்பா" என்று நீ முடித்துவிடுகிறாய். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

உனக்குப் பதவி உயர்வு வந்ததைச் சித்தி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். கேட்டதும் கீழே கோப்பிக்கடையில் இருந்த எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். அவ்வளவு சந்தோஷம். ஆனால் முதலில் என்னிடம் சொல்லியிருக்கலாம். முன்பெல்லாம் வகுப்புத் தேர்வில் இரண்டு மார்க் கூடினால்கூட வேலை இடத்துக்கே போன் செய்து சொல்வாய். சரி, வேலை அதிகமாக இருந்திருக்கும். ராத்திரி நேரத்தோடு தூங்கு.

நீயும் அம்மாவும் சேர்ந்து பார்த்த அந்தச் சீன நாடகத்தை இப்போது நான் பார்க்கிறேன். 'கோ அஹெட்', 2020 ஆகஸ்டில் வந்தது. நீ வீட்டிலிருந்து வேலை பார்த்த சமயம், அம்மாவுக்கு மருந்து தொடங்கியிருந்த சமயம். நான் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டே கொஞ்சம் கொஞ்சமாகப் பார்த்ததுதான். இப்போது யூடியூபில் முதலிலிருந்து பார்க்கிறேன். அடியில் ஓடும் ஆங்கில எழுத்து சில நேரம் வேகமாகப் போகிறது, நிறுத்தி நிறுத்திப் படிக்கிறேன். அதை ஃபூஜியான் மாநிலத்து ஷியாமென் பக்கம் படம் பிடித்தார்களாம். எதிர்வீட்டு ஆன்ட்டிக்கும் பூர்வீகம் அந்த மாநிலம்தானே, அவரும் சில நாள் வந்து உட்காருகிறார். உன்னைக் கேட்டார்.

நீங்கள் இருவரும் அதைக் காதல் கதையாகத்தான் பார்த்தீர்கள். லிங் ஷியாவா, ஸிச்சியூவா, அந்தப் பெண் யாரைக் கட்டிக்கொள்ளப் போகிறாள் என்று சாப்பாட்டு மேசையில் அம்மாவும் நீயும் போட்ட சண்டை ஞாபகம் இருக்கிறது. என் கண் முழுக்க லீ ஹாய்சாவ் மேல்தான் போகிறது. அந்த மீ கடைக்காரர், நூடுல்ஸ் விற்கிறவர். மனைவி போய்விட்டாள், கையில் ஒரு பெண் குழந்தை, நீங்கள் சண்டை போட்ட அந்தப் பெண்தான். மாடி வீட்டுப் போலீஸ்காரரின் மனைவி, ஒரு மகளைப் பறிகொடுத்த துக்கத்தில், இருக்கிற மகனையும் விட்டுவிட்டுப் போகிறாள். அந்தப் பையன் லிங் ஷியாவுக்கும் இவர் வீட்டில்தான் சாப்பாடு. அப்புறம் பெண் பார்த்துப் பேசிய ஹெ மெய் என்பவள் தன் மகன் ஸிச்சியூவை விட்டுவிட்டுக் காணாமல் போகிறாள். அந்தப் பையனையும் தேடிப் போய் அழைத்து வந்து வளர்க்கிறார். யாரும் கேட்கவில்லை, எந்தக் கடமையும் இல்லை. தூ சொங்யென் என்ற நடிகர் அதைப் பெரிய தியாகம் போல நடிக்கவே இல்லை. இன்னொரு கிண்ணம் மீ கூடுதலாகப் போடுகிற மாதிரிதான் செய்கிறார். இந்த வருஷங்களில் நான் பார்த்த நடிப்பில் இதுதான் மனசில் நிற்கிறது.

பிள்ளைகள் வளர்ந்ததும் வீடு காலியாகிவிடுகிறது. ஒருவன் இங்கிலாந்து போகிறான். இன்னொருவன் நம் சிங்கப்பூருக்கே வருகிறான், அடிபட்டுக் கிடக்கிற அம்மாவைப் பார்த்துக்கொள்ள. வந்தவன் ஒன்பது வருஷம் இருந்து பல் மருத்துவராகத் திரும்புகிறான். தூக்கம் வராமல் மாத்திரை போட்டுக்கொண்டு திரிகிறான். எதையும் யாரிடமும் சொல்லாமல் உள்ளேயே வைத்துக்கொண்டால் அப்படித்தான் ஆகும். நீயும் ராத்திரி ஒரு மணிக்கு வாட்ஸ்அப்பில் இருப்பதைப் பார்க்கிறேன். தூங்கு பாப்பா.

அந்த ஒன்பது வருஷமும் மீ கடைக்காரர் என்ன செய்தார் என்று கதையில் அதிகம் காட்டவில்லை. பிள்ளைகள் திரும்பி வந்ததும் பழைய பாசமும் புதுக் காதலும் கலகலப்பும் வந்துவிடுகின்றன. நான் அந்த நடுவில் விட்டுப்போன வருஷங்களையே நினைத்துக்கொண்டிருந்தேன். கடையை மூடியதும் மனுஷன் யாரோடு பேசியிருப்பார்?

அம்மாவும் அதையே கேட்டாள். உனக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ, நான் சமையலறையிலிருந்து கேட்டேன். "இத்தனை பேருக்குச் சமைச்சுப் போடறாரே, இந்த மனுஷனுக்கு ஒரு வாய்ச் சோறு போட ஒருத்தரும் இல்லையா?" என்றாள். எனக்குச் சாதகமாக அம்மாவைச் சாட்சிக்கு இழுப்பதாக நினைக்காதே. அவள் நாடகத்தைப் பற்றித்தான் சொன்னாள், என்னைப் பற்றி இல்லை. ஆனால் அவள் சொன்னது அது.

இந்த நாடகத்தால் சீனாவைப் பற்றிக் கொஞ்சம் படித்தேன். ஷாங்காய் மக்கள் பூங்காவில் வார இறுதியில் பெற்றோர் கூடுகிறார்களாம். பிள்ளையின் வயது, உயரம், படிப்பு, சம்பளம் எல்லாம் தாளில் எழுதிக் குடையின் மேல் ஒட்டிவைத்து வரன் தேடுகிறார்கள். பிள்ளைக்காக என்றால் அப்படி வெட்டவெளியில் உட்காரலாம். அதே ஊரில் துணையை இழந்த பெரியவர்கள் தங்களுக்கென்று ஒரு பேச்சுத்துணை தேட ஐகியா மரச்சாமான் கடையின் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனார்கள். செவ்வாயும் வியாழனும் உறுப்பினர் அட்டையைக் காட்டி இலவசக் காப்பி வாங்கிக்கொண்டு மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பார்களாம். கூட்டம் தாங்காமல் 2016இல், சாப்பாடு வாங்கினால்தான் உட்காரலாம் என்று கடைக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். அதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அங்கே இதற்குச் சட்டமே இருக்கிறது. 2021 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கும் குடிமைச் சட்டத் தொகுப்பில் 1069ஆம் பிரிவு. பெற்றோரின் திருமண உரிமையைப் பிள்ளைகள் மதிக்க வேண்டும், அவர்களுடைய மறுமணத்தில் குறுக்கிடக் கூடாது, பெற்றோர் மறுமணம் செய்துகொண்டாலும் அவர்களைப் பராமரிக்கும் கடமை பிள்ளைகளுக்குத் தீராது என்கிறது. பழைய திருமணச் சட்டத்திலும் இது இருந்ததாம். சட்டத்தைக் காட்டி உன்னை மிரட்டவில்லை, பாப்பா. எத்தனை வீட்டில் எத்தனை பேர் வாய் திறக்க முடியாமல் இருந்திருந்தால் இதைச் சட்டமாக எழுதியிருப்பார்கள் என்றுதான் யோசித்தேன். சொத்து, வீடு என்று வரும்போது பிள்ளைகளுக்குப் பயம் வருவதும் இயல்புதான்.

உனக்கு அந்த எண்ணம் இல்லை என்று எனக்குத் தெரியும். சித்திதான் "வீடு என்னாகும்" என்று கேட்டாள். வீடு உன் பெயருக்கு என்று அம்மா இருக்கும்போதே முடிவு செய்தது. அதில் மாற்றம் இல்லை.

சரி, சுற்றி வளைத்தது போதும். தீபாவளிக்கு அப்புறம் டீச்சரைப் பற்றி உன்னிடம் சொன்னேன். அன்றிலிருந்து நீ என்னோடு சரியாகப் பேசவில்லை. கோபமாகப் பேசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "நல்லதுப்பா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வைத்துவிட்டாய்.

டீச்சர் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். கணவர் போய்ப் பல வருஷம் ஆகிறது. தோ பாயோ நூலகத்தில் தமிழ் நாளிதழ் ஒன்றுதான் இருக்கும். அவர் படித்துவிட்டு எனக்குத் தருவார், இல்லை நான் அவருக்குத் தருவேன். அப்படித்தான் பேச்சு தொடங்கியது. அப்புறம் தேக்கா சந்தையில் காய் வாங்கப் போனால் சேர்ந்து போவோம். அம்மாவைப் பற்றி அவரிடம் நிறையப் பேசுவேன். பொறுமையாகக் கேட்பார். அவரும் தம் கணவரைப் பற்றிச் சொல்வார். அம்மாவின் இடத்தில் யாரையும் உட்கார வைக்க நான் நினைக்கவில்லை. அந்த இடம் அவளுடையது. அவள் படத்துக்கு விளக்கேற்றுவது நிற்கவில்லை, நிற்கவும் நிற்காது.

ஆனால் சாயங்காலம் ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறது பாப்பா. உன்னிடம் இதை நான் சொன்னதே இல்லை. பகலெல்லாம் எப்படியோ போய்விடும். ஆறு மணிக்கு மேல் வீட்டுக்குள் ஒரு சத்தமும் இருக்காது. குளியலறையில் வழுக்கி விழுந்தால் எப்போது யாருக்குத் தெரியும் என்று நினைப்பு ஓடும். நீ அங்கே வேலையை விட்டுவிட்டு வா என்று நான் சொல்ல மாட்டேன். நீ அங்கே நன்றாக இருப்பதுதான் எனக்கும் அம்மாவுக்கும் வேண்டியது.

ஹெ மெய் பல வருஷம் கழித்துத் திரும்பி வருகிற கட்டத்தில் இப்போது இருக்கிறேன். அந்த மனுஷன் அவளை ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. அதற்கு மேல் இன்னும் பார்க்கவில்லை, என்ன ஆகிறது என்று நீ சொல்லாதே.

டீச்சரிடம் நான் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. உன்னைக் கேட்காமல் கொடுக்கவும் மாட்டேன். ஜூன் விடுமுறைக்கு நீங்கள் வந்தால் ஒருநாள் அவரை மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிடலாம் என்று இருக்கிறேன். நீ பார்த்துவிட்டுச் சொல். பிடிக்கவில்லை என்றால் அதையும் நேராகச் சொல், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். வர முடியாது என்றால் ஞாயிற்றுக்கிழமை போன் செய். மாப்பிள்ளை பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து, கொஞ்சம் நிதானமாகப் பேசு.

குட்டிக்கு முத்தம்.

அன்புடன்,
அப்பா