அத்தானும் லேவியராகமமும்

அன்புள்ள ஸ்டீபா,

கடிதம் போடவில்லை என்று உன் வீட்டுக்காரி போனில் திட்டியதை வாங்கிக்கொண்டேன். இங்கே எல்லாரும் சுகம். ரப்பர் விலையை மட்டும் கேட்காதே, வாயில் நல்ல வார்த்தை வராது.

விஷயம் இதுதான். அத்தான் பைபிளில் எதைத் தின்னலாம், எதைத் தின்னக் கூடாது என்று சொல்கிற லேவியராகமம் 11ஆம் அதிகாரத்தைப் பிடித்துக்கொண்டார். வளைகுடாவிலிருந்து திரும்பியவர் ஏதோ ஒரு ஜெபக் கூட்டத்துக்குப் போகத் தொடங்கினார். அதிலிருந்து வீட்டில் பன்றி இல்லை. சரி, போகட்டும். இறால், நண்டு, கணவாய் ஒன்றும் இல்லை. சிப்பி! குளச்சல் சிப்பி வந்தால் அவியும் முன்னே அடுக்களையில் போய் உட்காரும் மனுஷன், இன்றைக்குச் சிறகும் செதிளும் இல்லாதது அருவருப்பு என்று வசனம் சொல்கிறார். மாட்டுக்குக் குளம்பு பிளந்திருக்கிறது, அசையும் போடுகிறது. அதனால் பரோட்டாவும் பீஃபும் மட்டும் தடையில்லாமல் நடக்கிறது.

களியக்காவிளைச் சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒரு நெத்திலியை வாலிலிருந்து தலைவரை நகத்தால் சுரண்டிச் சுரண்டிப் பார்க்கிறார். அதற்குச் செதிள் உண்டுதான், வலையிலும் கூடையிலும் உரசியே உதிர்ந்துவிடும். மீன்காரி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, “சாரே, மீனு வாங்க வந்தியளா, பெண்ணு பாக்க வந்தியளா?” என்றாள். செதிளே இல்லாத கெளிற்றின் பக்கம் அத்தான் திரும்பவே இல்லை.

அப்புறம் அக்காவின் மீன்சட்டி. அம்மா கொடுத்தது, எத்தனை கழுவினாலும் குடம்புளி வாசம் விடாத சட்டி. நண்டு வெந்த மண்பாண்டம் என்று முற்றத்தில் போட்டு உடைத்துவிட்டார். எனக்கு வந்த கோபத்தில் வேதத்தைத் திறந்து காட்டினேன்: 11:33 உடைக்கச் சொல்வது எலி, பல்லி மாதிரியானவை செத்து விழுந்த பாண்டத்தை, நண்டுக்கு அங்கே பேச்சே இல்லை. 19:19இல் இருவகை நூல் கலந்த உடுப்பு ஆகாது என்றிருக்கிறதே, உங்கள் பாலியஸ்டர் காட்டன் சட்டையைக் கழற்றுங்கள் என்றேன். அது கம்பளியும் லினனும் கலந்ததுக்கு என்று உபாகமத்தைப் புரட்டிக் காட்டினார். மனுஷன் படித்துத்தான் இருக்கிறார்.

இதுவரை சிரிக்கலாம். இப்போது மாதவிலக்குத் தீட்டைச் சொல்கிற 15ஆம் அதிகாரத்துக்கு வந்துவிட்டார். அக்கா மகள் ஒன்பதாம் வகுப்பு. மாதத்தில் ஏழு நாள் அவளுக்குத் தனிப் பாய், தனித் தட்டு. அவள் உட்கார்ந்த பிளாஸ்டிக் நாற்காலியைக் கழுவி வெயிலில் கவிழ்த்திருந்ததை நானே பார்த்தேன். பிள்ளை வாய் திறக்கவில்லை. வராந்தாத் தரையில் இருந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

ஸ்டீபா, நம் பாட்டன்மார் எதற்குச் சபைக்கு வந்தார்கள்? இதே திருவிதாங்கூரில் நம்பூதிரிக்கு 36 காலடி தூரம் தள்ளி நின்றவர்கள். தோளில் சீலை போட்டதற்குப் பெண்கள் அடிபட்டு, 1859இல்தான் அரசர் உத்தரவு வந்தது. அதுவும் மேல்சாதிப் பெண்கள் மாதிரி உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு. தீட்டு என்றால் என்ன என்று நமக்கு யாரும் கூட்டம் போட்டுச் சொல்லித்தர வேண்டுமா?

தீட்டான மிருகங்களையும் அடித்துப் புசி என்ற தரிசனத்தை இயேசுவின் சீடர் பேதுரு கண்டது தோல் பதனிடுகிற சீமோன் வீட்டு மாடியில். இறங்கியவர் போனது சாப்பாட்டுப் பந்திக்கா? புறஜாதியான கொர்நேலியு வீட்டுக்கு. எந்த மனுஷனையும் தீட்டுள்ளவன் என்று சொல்லக் கூடாது என்று அங்கே போய் அவரே விளக்குகிறார். மாற்கு 5இல் பன்னிரண்டு வருஷம் உதிரப்போக்கோடு இருந்தவள், லேவியராகமப்படி தொட்டவரையும் தீட்டாக்குகிறவள், கூட்டத்தில் நுழைந்து வஸ்திரத்தைத் தொடுகிறாள். அவளைத்தான் இயேசு மகளே என்று கூப்பிடுகிறார். இதைச் சொன்னபோது மட்டும் அத்தானிடமிருந்து பதில் வரவில்லை. மோட்டார் போட வேண்டும் என்று எழுந்து போய்விட்டார்.

அவர் தட்டில் அவர் என்ன வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும். நானும் அப்போஸ்தலர் 15ஐச் சொல்லி இரத்தப் பொரியல் தொடுவதில்லை, நீ கேலி பண்ணாத நாள் கிடையாது. பிள்ளையைத் தரையில் உட்கார்த்துவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அக்கா அழுகிறாள், எதிர்த்துப் பேச மாட்டாள்.

நெய்யாற்றின்கரை விவகாரத்துக்குப் பிறகும் அவர் மதிக்கிற ஒரே ஆள் நீதான். அடுத்த மாதம் ஊருக்கு வரும்போது பாறசாலையில் இறங்கு, வண்டி கொண்டு வருகிறேன், நேரே அக்கா வீட்டுக்குப் போகலாம். நாற்காலி விஷயத்தை மட்டும் பேசு. மீனைப் பற்றி வாய் திறக்காதே, திறந்தால் விடிய விடிய அதிலேயே பிடித்து உட்கார்த்திவிடுவார்.

உன்,
ஜெபா