தூரத்தை 900-ஆல் வகுத்தால் பயண நேரம் வராது

ஆசிரியருக்கு,

தொலைதூர விமான வழித்தடங்களைப் பற்றி எழுதும்போது, தூரத்தை மணிக்கு 900 கி.மீ. வேகத்தால் வகுத்து ஒரே ஒரு பயண நேரத்தைப் போட்டுவிடுகிறார்கள். போக எவ்வளவு, வர எவ்வளவு என்று இரண்டு நேரம் தர வேண்டும்.

லண்டன்–நியூயார்க்கை எடுத்துக்கொள்வோம். தூரம் கணக்கிடுவது எளிது. இரு விமான நிலையங்களின் அட்சரேகைகள் 51.47, 40.64 பாகை, தீர்க்கரேகை வித்தியாசம் 73.33 பாகை. அட்சரேகைகளின் சைன்களைப் பெருக்குங்கள். அவற்றின் கோசைன்களையும் தீர்க்கரேகை வித்தியாசத்தின் கோசைனையும் பெருக்கி அதனுடன் கூட்டினால் 0.645 வரும். கோசைன் 0.645 ஆக வரும் கோணம் 49.8 பாகை; பூமிப் பரப்பில் பாகைக்கு 111.2 கி.மீ. வீதம் சுமார் 5,540 கி.மீ. கால்குலேட்டர் பாகைக்குப் பதில் ரேடியன் என்ற வேறு கோண அலகில் இருந்தால் விடை கன்னாபின்னாவென்று வரும். ஒரு நகரம் 0 பாகை தீர்க்கரேகைக்குக் (கிரீனிச்) கிழக்கிலும் மற்றது மேற்கிலும் இருந்தால் தீர்க்கரேகைகளைக் கழிக்கக் கூடாது, கூட்ட வேண்டும். பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். தட்டையான வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளப்பதும் வீண். உருண்டைப் பூமியில் மிகக் குறுகிய இந்தப் பாதை, லண்டனைவிடவும் வடக்கே ஏறி, பிறகுதான் நியூயார்க்கை நோக்கி இறங்குகிறது.

5,540-ஐ 900-ஆல் வகுத்தால் 6 மணி 9 நிமிடம். ஆனால் அட்டவணையில் நியூயார்க் செல்ல ஏறக்குறைய 8 மணி, திரும்ப 7 மணி என்று இருக்கும். விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வதிலிருந்து மறுமுனையில் நிற்பது வரை அட்டவணை நேரம்தான்; ஓடுபாதைக்கு ஊர்வதும் வரிசையில் காத்திருப்பதும் அதில் அடங்கும். மீதி காற்றின் வேலை. விமானங்கள் பறக்கும் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வேகமாக வீசும் ஜெட் காற்று குளிர்காலத்தில் வலுக்கும். 2020 பிப்ரவரியில் புயலையொட்டி வீசிய இந்தக் காற்றின் தயவில் ஒரு விமானம் நியூயார்க்கிலிருந்து லண்டனை 4 மணி 56 நிமிடத்தில் எட்டியது.

போகும்போது இழந்த நேரம் வரும்போது கிடைத்துவிடும் என்பதும் தப்புக்கணக்கு. காற்று மணிக்கு 150 கி.மீ. என்றால் எதிர்த்துப் பறக்க 7 மணி 23 நிமிடம், உடன் பறக்க 5 மணி 17 நிமிடம். இரண்டும் சேர்ந்து 12 மணி 40 நிமிடம். காற்றே இல்லையென்றால் 12 மணி 19 நிமிடம்தான். மெதுவாகப் பறக்கும் திசையில் காற்றின் பிடியில் இருக்கும் நேரம் அதிகம் அல்லவா!

கடிகாரக் குழப்பம் தனி. நியூயார்க் நேரம் லண்டனைவிட 5 மணி பின்தங்கியது. லண்டனில் காலை 11-க்குக் கிளம்பினால் நியூயார்க்கில் பிற்பகல் 2 மணி. பார்வைக்கு 3 மணி நேரப் பயணம். அங்கே இரவு 8-க்குக் கிளம்பினால் லண்டனில் மறுநாள் காலை 8. பார்வைக்கு 12 மணி. புறப்பாடு, வருகை இரண்டையும் ஒரே நேர மண்டலத்துக்கு மாற்றிவிட்டுத்தான் கழிக்க வேண்டும். அந்த 5 மணி வித்தியாசமும் ஆண்டு முழுக்க நிலைக்காது. கடிகாரத்தை ஒரு மணி முன்னே நகர்த்தும் கோடை நேரத்துக்கு அமெரிக்கா மார்ச் 2-வது ஞாயிறன்று மாறுகிறது, பிரிட்டன் கடைசி ஞாயிறன்று. திரும்புவதோ பிரிட்டன் அக்டோபர் கடைசி ஞாயிறு, அமெரிக்கா நவம்பர் முதல் ஞாயிறு. இந்த இடைவெளிகளில் வித்தியாசம் 4 மணிதான்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்