பள்ளியை மூடி மண்டபம் கட்டலாம் என்கிறவர்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏற்காட்டில் இருந்து எழுதுகிறேன். தையல் வேலை செய்கிறவள். பத்திரிகைக்கு இதுவரை எழுதியதில்லை, நீளமாகப் போனால் நீங்களே வெட்டிக்கொள்ளுங்கள். போன மாதம் எங்கள் அன்பியக் கூட்டத்தில் ஒருவர் சொன்னது இன்னும் எனக்குச் செரிக்கவில்லை. அன்பியம் என்றால் பத்து இருபது கத்தோலிக்கக் குடும்பங்கள் ஒரு வீட்டில் கூடிச் செபம் சொல்லி ஊர் விஷயம் பேசுவது. ஒரு தேவாலயத்தைச் (நாங்கள் கோயில் என்போம்) சேர்ந்த கத்தோலிக்கர்கள் எல்லாரும் சேர்ந்தது பங்கு. செபம் முடிந்து சுண்டல் கொடுத்துக்கொண்டிருந்தோம். "நம்ம தொடக்கப் பள்ளியில நம்ம பிள்ளைங்களே இல்லை, யார் யார் பிள்ளைங்களுக்கோ நாம ஏன் பள்ளிக்கூடம் நடத்தணும், மூடிட்டு அந்த இடத்துல கல்யாண மண்டபம் கட்டினா பங்குக்கு வருமானமாவது வரும்" என்றார். ஒருத்தரும் மறுத்துப் பேசவில்லை. நானும்தான். சுண்டல் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அங்கே வாய் திறக்காமல் இருந்துவிட்டு இப்போது எழுதுகிறேன்.

ஏற்காட்டுப் பள்ளிக்கூடம் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு மான்ஃபோர்ட்டும் சேக்ரட் ஹார்ட்டும்தான் ஞாபகத்துக்கு வரும். நூறு வருஷம் தாண்டிய பெரிய பள்ளிகள், எங்கெங்கிருந்தோ வந்து விடுதியில் தங்கிப் படிக்கிறார்கள். நான் சொல்வது அந்த மாதிரி இடத்தை இல்லை. ஓடு போட்ட கட்டடம், ஐந்து வகுப்பு, அரசு உதவி பெறும் தமிழ்வழித் தொடக்கப் பள்ளி. ஆசிரியர் சம்பளத்தை அரசாங்கம் கொடுக்கிறது, கட்டடத்தை நிர்வாகம் பார்த்துக்கொள்ள வேண்டும், பிள்ளைகளிடம் கட்டணம் கிடையாது. காபித் தோட்டத்தில் வேலை பார்க்கிறவர்கள், லாட்ஜில் ரூம் கூட்டுகிறவர்கள், பழக்கடை போடுகிறவர்கள், சுற்றுக் கிராமங்களில் இருக்கிற மலையாளிப் பழங்குடிக் குடும்பங்கள், இவர்களுடைய பிள்ளைகள்தான் வருகிறார்கள். போன வருஷம் மொத்தம் 43 பேர். அதில் கத்தோலிக்கப் பிள்ளைகள் 6.

நான் அங்கே ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தது 1972இல். அம்மா காபித் தோட்டத்தில் பழம் பறிக்கப் போவாள். நவம்பரில் இருந்து பிப்ரவரி வரைக்கும் பழம் பறிக்கிற காலம், பறித்ததை எடை போட்டுவிட்டு அவர்கள் வீடு திரும்ப இருட்டிவிடும். நாலு மணிக்குப் பள்ளி விட்டால் எங்களுக்குப் போக இடம் கிடையாது. சிஸ்டர்கள் எங்களை வராந்தாவில் உட்கார வைத்துக் கம்பளியைப் போர்த்திவிட்டு வாய்ப்பாடு சொல்ல வைப்பார்கள். மார்கழிக் குளிரில் பதிமூணாம் வாய்ப்பாடு சொன்னால் வாயில் இருந்து புகை வரும், அதைப் பார்க்கவே சத்தமாகச் சொல்வோம். கத்தோலிக்கப் பிள்ளை, இந்துப் பிள்ளை என்று அந்த வராந்தாவில் தனித்தனி வரிசை இருந்ததாக எனக்கு நினைவில்லை. கம்பளி போதாததால் ஒன்றுக்கு மூன்று பேர்.

ஒரே ஒரு நேரம் பிரிப்பார்கள். வாரத்தில் இரண்டு நாள், எங்களை ஞானோபதேசத்துக்கு ஒரு அறைக்கும் மற்றவர்களை நீதிபோதனைக்கு இன்னொரு அறைக்கும் அனுப்புவார்கள். இப்போதும் அப்படித்தான், பெயர் மட்டும் மறைக்கல்வி, நன்னெறி என்று மாறியிருக்கிறது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், மதம் மாற்றத்தான் பள்ளி நடத்துகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் அவ்வப்போது ஒன்று சுற்றுகிறது. அரசாங்கத்தின் உதவியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளியில் பெற்றோர் சம்மதம் இல்லாமல் ஒரு பிள்ளையைச் சமய போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளச் சொல்ல முடியாது என்று அரசியலமைப்புச் சட்டத்தின் 28ஆவது பிரிவே சொல்கிறது. அதோடு, எங்கள் மலையில் யார் எந்தச் சாமி கும்பிடுகிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழா வந்தால் பாதி மலை அங்கேதான் இருக்கும். ஐம்பது வருஷமாக இந்தப் பள்ளியில் படித்து வெளியே போனவர்கள்தான் அந்தக் கூட்டத்தில் நிற்கிறார்கள். அது போதும், மேற்கொண்டு வாதாட எனக்கு நேரமில்லை.

எனக்குச் சொல்ல வேண்டியது தேங்காய் கதை. சேலத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டாம், மற்ற ஊர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். ஆடி ஒண்ணாம் தேதி எங்கள் பக்கம் தேங்காய் சுடுவோம். நாரை உரித்துத் தேங்காயைத் தரையில் உரசி வழவழப்பாக்கி, ஒரு கண்ணைக் குடைந்து, உள்ளே இருக்கிற தண்ணீரில் கொஞ்சம் எடுத்துவிட்டுப் பச்சரிசி, பாசிப்பருப்பு, வெல்லம், எள், பொட்டுக்கடலை போட்டு, அந்தக் கண்ணில் அழிஞ்சிக் குச்சியைச் செருகி, மஞ்சள் பூசி, தெருவில் நெருப்பு மூட்டிச் சுடுவோம். ஓடு கருகி வெடிக்கும்போது வருகிற வாசனையை எழுதிக் காட்ட முடியாது. கத்தோலிக்க வீட்டுப் பிள்ளைகளும் போய்ச் சுடும், படைப்பதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் மூன்றாவது படிக்கும்போது புதிதாக வந்த சிஸ்டர் கேரளாக்காரர். ஆடி இரண்டாம் தேதி காலையில் வகுப்புக்கு வந்து பார்த்தால் எல்லார் உள்ளங்கையும் கரி. கை கழுவாமல் வந்திருக்கிறீர்களா என்று வரிசையாக நிற்க வைத்து அடிக்கப் போனார். அடுப்புக்கரி என்று நினைத்துவிட்டார். என் பக்கத்தில் நின்ற பிள்ளை (கேரளா இல்லை, எங்கள் மலையாளிப் பழங்குடிக் குடும்பம், பெயர் எழுதவில்லை, இன்றைக்கும் நாங்கள் சிநேகிதம்தான்) அழுதுகொண்டே விவரம் சொன்னாள். சிஸ்டர் கம்பைக் கீழே போட்டுவிட்டார். அடுத்த வருஷம் அதே ஆடி இரண்டாம் தேதி அந்தப் பிள்ளை ஒரு துணியில் சுற்றி முழுத் தேங்காய் ஒன்று கொண்டுவந்தாள். சிஸ்டர் ஒரு நிமிஷம் தயங்கினார், படையல் சாப்பிடலாமா என்று யோசித்திருப்பார். அவள் சொன்னாள்: "சாப்பிடுங்க சிஸ்டர், இது சாமிக்கு வைக்கலை, உங்களுக்குன்னு அம்மா தனியா சுட்டது."

எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தாய், கன்னியர் மடத்துச் சிஸ்டருக்கு எதில் சங்கடம் வரும் என்று முதல் நாளே யோசித்து, இன்னொரு தேங்காய் காசு போட்டு வாங்கித் தனியாகச் சுட்டுக் கொடுத்தனுப்பியிருக்கிறாள். நான் ஐந்து வருஷம் ஞானோபதேசம் படித்தேன். பிறர் அன்பு பற்றி அதில் கேட்ட எந்தக் கேள்வி பதிலும் இந்தத் தேங்காய் அளவுக்கு என் மனதில் நிற்கவில்லை. "யார் யார் பிள்ளைகளுக்கோ" என்று அன்பியத்தில் சொன்னாரே, அந்த யார் யாரோ இவர்கள்தான்.

இப்போதும் மாறிவிடவில்லை. டிசம்பரில் போய்ப் பாருங்கள், கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பாசி பெயர்த்துக் கொண்டுவருவது தோட்டத்து வீட்டுப் பிள்ளைகள்தான், அவர்களுக்குத்தான் எந்தப் பாறையில் பாசி கனமாக இருக்கும் என்று தெரியும். இரண்டு வருஷம் முன்னால் ஒரு பையன் பெத்லகேமுக்குப் போகிற வழியில் களிமண்ணில் கொண்டை ஊசி வளைவு போட்டு, மூன்று ராஜாக்களும் ஒட்டகத்தில் வளைவு திரும்புகிற மாதிரி வைத்திருந்தான். ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்தில் பிடி அரிசி சேர்ப்போம், தினமும் உலையில் போடுகிற அரிசியில் ஒரு கைப்பிடி எடுத்து வைத்து இல்லாதவர்களுக்குக் கொடுப்பது. வீட்டில் யாரும் எங்கள் கோயில் பக்கமே வராத பிள்ளைகளும் ஹார்லிக்ஸ் பாட்டிலில் அரிசி கொண்டுவந்து கொட்டுகிறார்கள். ரேஷன் அரிசிதான்.

சரி, நம் பிள்ளைகள் ஏன் இல்லை? இதில் முதல் குற்றவாளி நான். என் மகனை அங்கே சேர்க்கவில்லை. இங்கிலீஷ் மீடியம் வேண்டும் என்று கீழே சேலத்துக்கு வேனில் அனுப்பினேன். இருபது கொண்டை ஊசி வளைவு, போகும்போது ஒரு தடவை வரும்போது ஒரு தடவை, வாரத்தில் மூன்று நாள் வாந்தி எடுத்துக்கொண்டு வருவான். வளைவுக்கு வளைவு போர்டைப் பார்த்து இருபது வரைக்கும் எண்ண இங்கிலீஷில் கற்றுக்கொண்டான், அதற்கு மேல் அங்கே என்ன வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. இப்போது டாக்ஸி ஓட்டுகிறான், நன்றாகவே இங்கிலீஷ் பேசுகிறான், அது டூரிஸ்ட்காரர்களிடம் பழகி வந்தது. என்னைப் பார்த்து யாரும் செய்யவில்லை, ஆனால் எங்கள் பங்கில் எல்லாரும் செய்தது அதையேதான்.

பள்ளிமேல் குறை இல்லை என்று சொல்ல மாட்டேன். இங்கிலீஷ் பாடம் ஒப்புக்கு நடக்கிறது. இரண்டு ஆசிரியர் ஐந்து வகுப்பையும் சேர்த்து வைத்து நடத்தினால் வேறு எப்படி நடக்கும்? கழிப்பறைக் கதவு ஒரு வருஷமாகத் தாழ்ப்பாள் இல்லாமல் கிடந்தது. நல்ல சிஸ்டர் ஒருவர் வந்து நாலு காரியத்தைக் கையில் எடுத்தால், முடிப்பதற்குள் மாற்றல் வந்துவிடுகிறது. 2023 ஆகஸ்ட் 25இல் அரசுத் தொடக்கப் பள்ளி எல்லாவற்றிலும் காலை உணவு வந்தபோது உதவி பெறும் பள்ளிகளுக்கு இல்லை. நம்மைப் போன்ற கிராமப்புறப் பள்ளிகளுக்கு அது வர 2024 ஜூலை 15 ஆனது. அந்தப் பதினோரு மாதத்தில் ஒன்பது பிள்ளைகள் போய்விட்டார்கள், வெறும் வயிற்றோடு மலையேறி வருகிற பிள்ளையைத் தாய் உப்புமா கிடைக்கிற இடத்துக்குத்தான் அனுப்புவாள், அவளைக் குறை சொல்ல முடியுமா? அப்போது தலைமையாசிரியை தன் கைக்காசில் பன் வாங்கிக் கொடுத்தார். நாம் என்ன கொடுத்தோம்? அந்த வருஷம்தான் திருவிழாத் தேருக்குப் புது சீரியல் விளக்கு போட்டோம். வீட்டுக்கு இவ்வளவு என்று திருவிழா வரி வாங்கி, அதில் பெரும்பங்கை அரைமணி நேர வாணவேடிக்கையில் விட்டோம். மேலே வெடித்துக்கொண்டிருந்தபோது கீழே பள்ளிக்கூரையில் ஓடு உடைந்து மழைத்தண்ணீர் மூன்றாம் வகுப்புக் கரும்பலகையில் வழிந்துகொண்டிருந்தது. எனக்கும் வாணவேடிக்கை பிடிக்கும், மறைக்கவில்லை.

இப்போது கணக்குக்கு வருகிறேன். வருஷா வருஷம் ஆகஸ்ட் 1ஆம் தேதி பள்ளியில் எத்தனை பிள்ளைகள் என்று எண்ணித்தான் ஆசிரியர் பணியிடத்தை முடிவு செய்கிறார்கள். 60 பிள்ளைகள் வரைக்கும் இரண்டு ஆசிரியர், 61 ஆனால் மூன்று. குறைந்தால் உபரி என்று வேறு பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள், எங்களுக்கு அப்படித்தான் மூன்றாவது ஆசிரியர் போனார். 43ஐ 61 ஆக்க 18 பிள்ளைகள் வேண்டும். ஞாயிறு திருப்பலி முடிந்து மறைக்கல்விக்கு உட்காருகிற பிள்ளைகளில் ஐந்தாம் வகுப்புக்கு உட்பட்டவர்களை நானே இரண்டு வாரம் எண்ணிப் பார்த்தேன். ஒரு வாரம் 31, ஒரு வாரம் 34. பள்ளியில் இருக்கிற 6 பேரைக் கழித்தாலும் 25க்குக் குறையாது. பள்ளிக்கூடத்தை மூட வேண்டியதற்குக் காரணம் என்று அன்பியத்தில் சொன்ன அந்தப் பிள்ளைகள் வேறு எங்கும் இல்லை, கோயில் மண்டபத்தில் தரையில் உட்கார்ந்து கலர் பென்சிலில் நல்ல ஆயன் படத்துக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இங்கிலீஷ்தான் பயம் என்றால், வாணவேடிக்கைக் காசில் பாதியை எடுத்து வாரத்தில் மூன்று நாள் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க ஒரு பட்டதாரிப் பெண்ணை வைக்கலாம், மலையிலேயே வேலை இல்லாமல் எத்தனை பேர் இருக்கிறார்கள். மீதிப் பாதியில் ஓடு மாற்றலாம். பங்குத்தந்தையிடம் இதைச் சொன்னேன், பங்குப் பேரவைக் கூட்டத்தில் வைக்கலாம் என்றிருக்கிறார். வைக்கும்போது, மண்டபம் கட்டச் சொன்னவரும் வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அவரும் அந்தப் பள்ளியில் படித்தவர்தான், எனக்கு இரண்டு வகுப்பு மேலே.

அப்புறம் என் வீட்டு விஷயம். பேத்திக்கு வருகிற ஜூனில் ஐந்து முடிகிறது. அங்கேதான் ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும் என்று பேச்செடுத்திருக்கிறேன். மகன் ஒன்றும் சொல்லவில்லை, அவனுக்கு வளைவுகள் ஞாபகம் இருக்கும் போல. மருமகள்தான், "வேன் வராதே அத்தை, மழைக்காலத்துல எப்படி?" என்கிறாள். நானே கூட்டிக்கொண்டு போய் விட்டு, சாயங்காலம் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.

இப்படிக்கு,
ஒரு பழைய மாணவி,
ஏற்காடு, சேலம் மாவட்டம்.